பதினெட்டு முடிந்ததா? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே எல்.எல்.ஆர். எடுக்கலாம்!

புதுக் கம்ப்யூட்டர் வாங்கி, நெட் கனெக்‌ஷனும் கொடுத்தாயிற்று. முதல் பத்து நாள் பாட்டு, படம், கேம்ஸ் என்று ஓடிவிடும். அதற்குப் பிறகுதான் "இதை வைத்து உருப்படியாக என்ன செய்யலாம்?" என்ற கேள்வி வரும். செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கம் என்னிடம் கம்ப்யூட்டர் சந்தேகம் கேட்கும் பெற்றோர் பலரும் கடைசியில் கேட்பது இதைத்தான்:

"சார், பையனுக்கு லைசென்ஸ் எடுக்கணும். எல்லாம் ஆன்லைன்னு சொல்றாங்களே, நாமளே பண்ணிக்க முடியுமா? இல்ல, யாராவது ஆளைப் பிடிக்கணுமா?"

நாமே பண்ணலாம். ஆள் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் மவுஸைத் தொடுவதற்கு முன் வயது பற்றிய ஒரு விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். அதில் தவறு நடந்தால் அபராதம் பிள்ளைக்கு வராது, அப்பா அம்மாவுக்கு வரும்.

பதினாறா, பதினெட்டா?

"பதினாறு முடிஞ்சா கியர் இல்லாத வண்டி ஓட்டலாம்" என்பது நம் ஊரில் எல்லோரும் சொல்லும் வாக்கியம். சட்டத்தில் அப்படி இல்லை. 1988-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 4-வது பிரிவு சொல்வது இதுதான்: பொது இடத்தில் மோட்டார் வாகனம் ஓட்ட 18 வயது முடிந்திருக்க வேண்டும். ஒரே ஒரு விலக்கு உண்டு. இன்ஜின் 50 சி.சி.க்கு மேல் போகாத மோட்டார் சைக்கிளை 16 வயது முடிந்தவர் ஓட்டலாம். அதற்கும் லைசென்ஸ் வேண்டும், பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதமும் வேண்டும்.

இப்போது உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியைப் பாருங்கள். ஆக்டிவா என்றால் சுமார் 110 சி.சி. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100 என்றால் பெயரே சொல்கிறது, சுமார் 100 சி.சி. ஸ்கூட்டி பெப் பிளஸ் கூட 87 சி.சி.க்கு மேல். இவற்றில் கியர் மாற்றும் வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் எதுவுமே 50 சி.சி.க்குள் இல்லை. 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 மொபெட் காலத்து வண்டிகளுக்குப் பொருந்திய விலக்கு அது. இன்றைய ஸ்கூட்டர்களுக்குப் பொருந்தாது. வெப்சைட்டில் "50 சி.சி.க்குக் குறைந்த மோட்டார் சைக்கிள்" என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதில் பதினாறு வயதுப் பிள்ளைக்கு லைசென்ஸ் எடுத்துவிடலாம். ஆனால் அந்த லைசென்ஸை வைத்து ஆக்டிவா ஓட்டினால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு.

பேட்டரி வண்டி பற்றியும் கேட்கிறார்கள். மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக இருந்து, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் தேவையில்லை. பச்சை நம்பர் பிளேட்டுடன் 60, 70 வேகத்தில் போகும் மின்சார ஸ்கூட்டருக்கு இந்தச் சலுகை கிடையாது. "லைசென்ஸ் வேண்டாம்" என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. வாட்டும் வேகமும் வண்டியின் பேப்பரில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வண்டிச் சாவியைக் கொடுத்தால் என்ன ஆகும்?

2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. அந்த ஆண்டு செப்டம்பர் 1-ந் தேதி முதல் 199ஏ என்ற புதிய பிரிவு அமலுக்கு வந்தது. 18 வயது ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் பெற்றோர் அல்லது வண்டியின் உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. இவற்றையெல்லாம் விடப் பெரியது ஒன்று உண்டு: அந்தப் பிள்ளைக்கு 25 வயது ஆகும் வரை லைசென்ஸ் கிடைக்காது. கல்லூரி முடித்து, ஓ.எம்.ஆர். பக்கம் வேலைக்குப் போய், சொந்தச் சம்பளத்தில் பைக் வாங்கினாலும் ஓட்ட முடியாது. மாமல்லபுரத்தில் ஓட்டல், சுற்றுலா வேலைக்குப் போகும் இளைஞர்களுக்கு லைசென்ஸ் என்பது ஒரு தகுதி. டெலிவரி வேலை என்றால் அது இல்லாமல் பேச்சே இல்லை. ஏழு வருடம் அது கையில் இல்லை என்றால் எவ்வளவு இழப்பு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இன்ஷூரன்ஸ் விஷயமும் இருக்கிறது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி அடுத்தவருக்கு அடிபட்டால், பாதிக்கப்பட்டவருக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்க முடியும். அந்தத் தொகை வண்டியின் விலையைப் போலப் பல மடங்காகக்கூட இருக்கலாம்.

2022-ல் இந்தியா முழுவதும் 4,61,312 சாலை விபத்துகள், 1,68,491 உயிரிழப்புகள் என்று மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இந்த எண்களைப் பார்த்த பிறகு "தெரு முனை வரைக்கும்தானே" என்று சாவியைக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

காலண்டரில் குறித்துக்கொள்ள வேண்டிய மூன்று தேதிகள்

லைசென்ஸ் இரண்டு படிகளில் வருகிறது. முதலில் பழகுநர் உரிமம், அதாவது நாம் எல்.எல்.ஆர். என்று சொல்வது. பிறகு நிரந்தர ஓட்டுநர் உரிமம்.

ஒரு உதாரணம். உங்கள் மகளுக்கு ஜூன் 10-ந் தேதி 18 வயது முடிகிறது. அன்றே எல்.எல்.ஆர். கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். குறைந்தது 30 நாள் அதை வைத்துப் பழக வேண்டும். ஆகவே ஜூலை 10-க்கு முன் ஓட்டும் தேர்வுக்குப் போக முடியாது. எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும். ஆகவே டிசம்பர் முதல் வாரத்துக்குள் தேர்வில் தேறிவிட வேண்டும். தவறினால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பிறந்த நாள், முப்பதாம் நாள், ஆறாம் மாதம். இந்த மூன்றையும் கம்ப்யூட்டர் காலண்டரில் இப்போதே போட்டு, ரிமைண்டர் வையுங்கள்.

சரியான வெப்சைட்டுக்குப் போவது எப்படி?

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் "சாரதி" என்ற வெப்சைட்தான் இதற்கு வழி. குரோம், எட்ஜ் என எந்த பிரவுசரையும் திறந்து, மேலே உள்ள அட்ரஸ் பாரில் முகவரியை நேரடியாக டைப் செய்யுங்கள். முதலில் சாரதி: எஸ், ஏ, ஆர், ஏ, டி, ஹெச், ஐ. ஒரு புள்ளி. பிறகு பரிவாஹன்: பி, ஏ, ஆர், ஐ, வி, ஏ, ஹெச், ஏ, என். ஒரு புள்ளி. ஜி, ஓ, வி. ஒரு புள்ளி. ஐ, என். நடுவில் இடைவெளி விடாமல் டைப் செய்து என்டர் தட்டுங்கள்.

தேடு பொறியில் "டிரைவிங் லைசென்ஸ்" என்று தேடி, முதலில் வருவதைக் கிளிக் செய்யும் பழக்கம் வேண்டாம். அரசு வெப்சைட் போலவே சின்னமும் நிறமும் போட்டுப் பணம் பறிக்கும் போலிகள் உண்டு. அவற்றைக் கண்டுபிடிக்க எளிய வழி, முகவரியை வலப்பக்கத்திலிருந்து படிப்பது. முதல் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி முடியும் இடத்தில் "ஜிஓவி, புள்ளி, ஐஎன்" இருக்க வேண்டும். அங்கே "காம்", "ஆன்லைன்" என்று முடிந்தால், முன்னால் "சாரதி பரிவாஹன்" என்று எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் மூடிவிடுங்கள்.

இன்னொன்று. "உங்கள் வண்டிக்கு அபராதம், இந்த ஆப்பை இன்ஸ்டால் செய்து பாருங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே பைல் வரும். அது போனில் நுழைந்து வங்கி ஓ.டி.பி.க்களைத் திருடும் வேலை. போக்குவரத்துத் துறை வாட்ஸ்அப்பில் ஏபிகே அனுப்புவதில்லை.

விண்ணப்பத்துக்கு முன் ஒரு போல்டர்

டெஸ்க்டாப்பில் மவுஸின் வலது பட்டனைக் கிளிக் செய்து, நியூ, போல்டர் என்று கொடுத்து, பிள்ளையின் பெயரில் ஒரு போல்டர் உருவாக்குங்கள். அதில் வயதுக்கான சான்று (பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் அல்லது பிறப்புச் சான்றிதழ்), முகவரிக்கான சான்று, போட்டோ, வெள்ளைத் தாளில் போட்ட கையெழுத்து ஆகியவற்றை ஸ்கேன் செய்து வையுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் நல்ல வெளிச்சத்தில் போனில் எடுத்தாலும் போதும்.

இங்கேதான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். போனில் எடுத்த போட்டோ மூன்று, நான்கு எம்.பி. இருக்கும். சாரதி ஏற்பது கே.பி. கணக்கில், போட்டோவுக்கும் கையெழுத்துக்கும் 20 கே.பி. அளவுதான். "பைல் பெரிதாக இருக்கிறது" என்று திரும்பத் திரும்ப வரும். கவலை வேண்டாம். விண்டோஸில் உள்ள பெயின்ட் புரோகிராமில் படத்தைத் திறந்து, கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு டபிள்யூ தட்டுங்கள். ரீசைஸ் பெட்டி வரும். பிக்சல் என்பதைத் தேர்வு செய்து அகலத்தைக் குறையுங்கள், உயரம் தானாகக் குறையும். பிறகு சேவ் ஆஸ் கொடுத்து, ஜேபெக் வடிவத்தில் வேறு பெயரில் சேமியுங்கள். சேமித்த பைலின் மேல் வலது கிளிக் செய்து, பிராப்பர்ட்டீஸ் போனால் எத்தனை கே.பி. என்று தெரியும். பெரிதாக இருந்தால் இன்னும் கொஞ்சம் குறையுங்கள்.

இனிஷியல் விவகாரம்

வெப்சைட்டில் முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர் என்று மூன்று கட்டங்கள் இருக்கும். நமக்கோ இனிஷியல்தான் உண்டு. மதிப்பெண் பட்டியலில் "கார்த்திக் எஸ்", ஆதாரில் "கார்த்திக் சுந்தரம்", ரேஷன் கார்டில் "எஸ்.கார்த்திக்" என்று மூன்று விதமாக இருந்தால் மூன்று ஆளாகிவிடும். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். முதலில் ஆதாரில் உள்ளதைப் பாருங்கள். மற்றச் சான்றுகளுடன் அது ஒத்துப்போகாவிட்டால், ஆதாரை முன்கூட்டியே திருத்திக்கொள்ளுங்கள். பதினெட்டாவது பிறந்த நாளுக்கு இரண்டு மூன்று மாதம் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிட்டால் பிறகு டென்ஷன் இல்லை.

இனி விண்ணப்பிக்கலாம்

1. சாரதியின் முதல் பக்கத்தில் மாநிலத்தைக் கேட்கும். தமிழ்நாடு என்பதைத் தேர்வு செய்யுங்கள்.

2. பழகுநர் உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள். என்னென்ன படிகள் என்று ஒரு பட்டியல் வரும். படித்துவிட்டுத் தொடருங்கள்.

3. "ஏற்கெனவே உரிமம் எதுவும் இல்லை" என்ற வட்டத்தைத் தேர்வு செய்யுங்கள். அடுத்து ஆதார் மூலமா, ஆதார் இல்லாமலா என்று கேட்கும். ஆதார் மூலம் போனால் ஆதாரில் பதிந்துள்ள போனுக்கு ஓ.டி.பி. வரும். அந்தப் போன் கையில் இருக்க வேண்டும்.

4. விவரங்களை நிரப்புங்கள். பின்கோடு கேட்கும் இடத்தில் கவனம். மாமல்லபுரம் என்றால் 603104. செங்கல்பட்டு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் எண் டிஎன் 19. உங்கள் முகவரிக்குரிய அலுவலகம்தான் திரையில் வந்திருக்கிறதா என்று சரி பாருங்கள்.

5. வண்டியின் வகையைத் தேர்வு செய்யுங்கள். "கியர் உள்ள மோட்டார் சைக்கிள்" எடுத்தால் ஸ்கூட்டரும் ஓட்டலாம். "கியர் இல்லாதது" மட்டும் எடுத்தால் பைக் ஓட்ட முடியாது. கார் என்றால் இலகுரக மோட்டார் வாகனம். ஒரே விண்ணப்பத்தில் பைக், கார் இரண்டையும் சேர்க்கலாம்.

6. படிவம் 1 என்பது உடல் தகுதி பற்றிய உறுதிமொழி. அதில் ஒரு கேள்வி: நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள காரின் நம்பர் பிளேட்டை ஒவ்வொரு கண்ணாலும் படிக்க முடிகிறதா? கண்ணாடி போடுபவர் கண்ணாடியுடன் படிக்கலாம். எல்லோரும் இதைப் படிக்காமலே "ஆம்" என்று கிளிக் செய்கிறார்கள். தெருவில் இறங்கி, 25 மீட்டர் அளந்து, பிள்ளையைப் படிக்கச் சொல்லுங்கள். நாள் முழுக்கத் திரையையே பார்க்கும் பிள்ளைகளுக்குக் கண்ணாடி தேவை என்பது இந்தச் சோதனையில் தெரிய வந்தால் அதுவும் நல்லதுதான்.

7. பைல்களை அப்லோட் செய்து, கட்டணம் செலுத்துங்கள். 2016 டிசம்பரில் மத்திய அரசு நிர்ணயித்தபடி ஒரு வகை வண்டிக்கு எல்.எல்.ஆர். 150 ரூபாய், தேர்வுக்கு 50 ரூபாய். பிறகு ஓட்டும் தேர்வுக்கு 300, உரிமம் வழங்க 200. மாநிலத்தின் சேவைக் கட்டணம் இதற்கு மேல். திரையில் வரும் தொகைதான் நீங்கள் கட்ட வேண்டியது. அதற்குமேல் யாருக்கும் கொடுக்கத் தேவையில்லை.

பணம் வங்கியிலிருந்து போய்விட்டது, ரசீது வரவில்லை என்றால் பதறி இன்னொரு முறை கட்டாதீர்கள். கட்டணப் பகுதியில் பணம் சேர்ந்ததா என்று சரிபார்க்கும் வசதி இருக்கிறது. விண்ணப்ப எண்ணைக் கொடுத்துச் சிறிது நேரம் கழித்துப் பாருங்கள். ரசீது திறக்கவில்லை என்றால் பிரவுசர் பாப்-அப் விண்டோவைத் தடுத்திருக்கும். அட்ரஸ் பாரின் ஓரத்தில் தெரியும் சின்னத்தைக் கிளிக் செய்து அனுமதியுங்கள்.

கம்ப்யூட்டர் இல்லாத உறவினர்களுக்கும் வழி உண்டு. 2024 மார்ச் முதல் இ-சேவை மையங்களிலும் எல்.எல்.ஆர். விண்ணப்பிக்கும் வசதி தமிழ்நாட்டில் வந்துவிட்டது.

எழுத்துத் தேர்வு: பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்காதீர்கள்

ஆதார் மூலம் விண்ணப்பித்தவருக்கு வீட்டிலிருந்தே தேர்வு எழுதும் வாய்ப்பு திரையில் வரும். கேமரா உள்ள கம்ப்யூட்டர் வேண்டும். அந்த வாய்ப்பு இல்லாதவர் ஸ்லாட் பதிவு செய்து அலுவலகத்தில் எழுத வேண்டும். சாலைக் குறியீடுகள், போக்குவரத்து விதிகள், விபத்து நடந்தால் ஓட்டுநரின் கடமை ஆகியவற்றிலிருந்து கேள்விகள். 60 சதவீதம் சரியாக இருந்தால் தேர்ச்சி.

வீட்டில் எழுதும்போது அப்பா பக்கத்தில் நின்று "ரெண்டாவதை அழுத்துடா" என்று சொல்வது நடக்கிறது. சிலர் பிள்ளைக்குப் பதில் தாங்களே எழுதிவிடுகிறார்கள். யோசித்துப் பாருங்கள். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் ஒரு வளைவில் சிவப்பு முக்கோணப் பலகை நிற்கும். அது எச்சரிக்கை. வட்டப் பலகை என்றால் கட்டளை, மீறினால் குற்றம். நீலச் செவ்வகம் என்றால் தகவல். இந்த வித்தியாசம் தெரிய வேண்டியது வண்டி ஓட்டும் பிள்ளைக்கு. அந்த வளைவில் நாம் பக்கத்தில் இருக்க மாட்டோம்.

தேர்வில் தேறியதும் எல்.எல்.ஆர். பி.டி.எஃப். பைலாக வரும். பிரின்ட் எடுத்துக்கொள்ளுங்கள். பைலையும் அந்த போல்டரிலேயே வையுங்கள்.

அந்த முப்பது நாள்

எல்.எல்.ஆர். கையில் வந்துவிட்டது என்பதால் தனியாக ஊர் சுற்றலாம் என்று அர்த்தமில்லை. வண்டியின் முன்னும் பின்னும் "எல்" பலகை வேண்டும். வெள்ளைப் பின்னணியில் சிவப்பு எழுத்து. பலகை சுமார் 18 சென்டிமீட்டர் சதுரம், எழுத்தின் உயரம் குறைந்தது 10 சென்டிமீட்டர். வேர்டு புரோகிராமில் நீங்களே தயாரித்து பிரின்ட் எடுக்கலாம், கம்ப்யூட்டர் பழக நல்ல பயிற்சி! காரில் பழகும்போது லைசென்ஸ் உள்ளவர் ஒருவர் பக்கத்தில், வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும். பைக்கில் கற்றுக்கொடுப்பவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக்கூடாது. நண்பனை ஏற்றிக்கொண்டு கடற்கரைக் கோயிலைப் பார்க்கப் போவது இதில் சேராது.

பழகுவதற்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். நான்கு வழிச் சாலை, வேகமாக வரும் சுற்றுலா வண்டிகள், நடுவில் திரும்பும் இடைவெளிகள், காற்றில் சாலைக்கு வரும் மணல். புதியவருக்கு இவ்வளவும் ஒரே நேரத்தில் அதிகம். ஊருக்குள் கூட்டமில்லாத தெருவில், காலை நேரத்தில் ஆரம்பியுங்கள்.

வெளிநாடுகளில் இந்தப் பழகும் காலத்தை நீட்டியே வைத்திருக்கிறார்கள். 1987-ல் நியூசிலாந்து படிப்படியாக லைசென்ஸ் தரும் முறையைக் கொண்டு வந்தது. புதியவர் முதலில் இரவு நேரத்திலும், நண்பர்களை ஏற்றிக்கொண்டும் தனியாக ஓட்டக்கூடாது. பிறகுதான் முழு உரிமம். அமெரிக்க மாநிலங்கள் பலவும் இதைப் பின்பற்றின. நம் சட்டத்தில் அந்த இடைப்படி இல்லை. ஆகவே "முதல் ஆறு மாதம் ராத்திரி ஓட்டக்கூடாது, பின்னால் நண்பர்களை ஏற்றக்கூடாது" என்ற விதியை நம் வீட்டில் நாமே போட்டுக்கொள்ளலாம்.

எட்டு போடும் நாள்

முப்பது நாள் கழித்து மறுபடி சாரதிக்குப் போய், ஓட்டுநர் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். எல்.எல்.ஆர். எண்ணும் பிறந்த தேதியும் கொடுத்தால் பழைய விவரங்கள் தானாக வந்துவிடும். கட்டணம் கட்டி, ஓட்டும் தேர்வுக்கு ஸ்லாட் பதிவு செய்து, அந்தச் சீட்டை பிரின்ட் எடுங்கள்.

தேர்வுக்கு வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றும் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். மோட்டார் வாகன ஆய்வாளர் முன்னால் இரு சக்கர வண்டியில் எட்டு போட வேண்டும். காலைத் தரையில் ஊன்றாமல், கைச் சைகை காட்டி ஓட்ட வேண்டும். முன் சக்கரத்தையே பார்த்தால் தடுமாறும், திரும்பப் போகும் பக்கத்தைப் பார்த்தால் வண்டி தானாகத் திரும்பும்.

தேறாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. 7 நாள் கழித்து மறுபடி போகலாம். மூன்று முறை தவறினால் 60 நாள் காத்திருக்க வேண்டும். "காசு கொடுத்தா ஓட்டிக் காட்டவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2024 ஜூன் 1 முதல் இனி தேர்வே கிடையாது, டிரைவிங் ஸ்கூலே லைசென்ஸ் தரும் என்று ஒரு செய்தி சுற்றியது. விதியில் மாற்றம் எதுவும் இல்லை என்று மத்திய அமைச்சகம் அப்போதே விளக்கம் கொடுத்தது. 2021-ல் வந்த விதிப்படி, அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களில் முழுப் பயிற்சி முடித்துச் சான்று பெற்றவருக்குத்தான் அலுவலகத்தில் ஓட்டிக் காட்டுவதிலிருந்து விலக்கு. தெருமுனை ஸ்கூல்கள் எல்லாவற்றுக்கும் அந்த அங்கீகாரம் இல்லை.

தேறிய பிறகு கார்டு வீட்டுக்கே வரும். 2024 முதல் தமிழ்நாட்டில் லைசென்ஸை விரைவுத் தபாலில் அனுப்புகிறார்கள். கதவு எண், தெரு, பின்கோடு சரியாக இல்லாவிட்டால் திரும்பிப் போய்விடும். கார்டு வருவதற்குள் டிஜிலாக்கரில் அதன் பிரதியைச் சேர்த்துக்கொள்ளலாம். போலீஸ் சோதனையில் அதைக் காட்டினால் செல்லும். 30 வயதுக்குள் எடுத்த லைசென்ஸ் 40 வயது வரை செல்லும். பதினெட்டில் எடுத்தால் 22 வருடத்துக்குக் கவலையில்லை.

யாருடைய போன் நம்பர்?

கடைசியாக ஒரு விஷயம், இதற்காகத்தான் நீங்களே செய்யுங்கள் என்கிறேன். இடைத்தரகரிடம் வேலையைக் கொடுத்தால் பலர் விண்ணப்பத்தில் தங்கள் மொபைல் நம்பரையே போட்டுவிடுகிறார்கள். அப்போது யாருக்கும் தெரியாது. ஐந்து வருடம் கழித்து முகவரி மாற்றவோ, தொலைந்த கார்டுக்கு நகல் எடுக்கவோ போனால் ஓ.டி.பி. யாரோ ஒருவருடைய போனுக்குப் போகும். அந்த ஆள் எங்கே என்று தேட வேண்டும். 22 வருடம் செல்லும் ஓர் ஆவணத்தின் சாவி அடுத்தவர் பாக்கெட்டில் இருக்கிறது என்று அர்த்தம்.

ஏற்கெனவே அப்படி நடந்துவிட்டதா? சாரதியில் மொபைல் எண்ணை மாற்றும் வசதி இருக்கிறது. உங்கள் வீட்டில் லைசென்ஸ் வைத்திருக்கும் எல்லோருடைய எண்ணையும் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள். பிள்ளையின் விண்ணப்பத்தில் பிள்ளையின் எண்ணையே போடுங்கள். விண்ணப்ப எண்ணையும் பிறந்த தேதியையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். கம்ப்யூட்டர் எப்போதாவது மக்கர் பண்ணினாலும் அது கைகொடுக்கும்.